கடல் பார்க்க வந்தவளின் ரேஷன் கார்டு

தம்பி,

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ சொன்னதற்கெல்லாம் "சரிப்பா, பாக்கலாம்" என்று சொல்லி வைத்துவிட்டேன். எனக்கு ஒரு விஷயத்திலிருந்து தப்பிக்க வேண்டும் என்றால் இந்த இரண்டு வார்த்தைதான் வரும் என்று உனக்குத் தெரியும். நீ சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. உன் அம்மாவுக்குச் சர்க்கரை, எனக்கு முட்டி வலி, இன்னும் எத்தனை வருஷம்தான் ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் ஆக்கிப் போட்டுக்கொண்டிருப்பீர்கள், இந்த முழுப் பரீட்சை லீவுக்காவது யாரும் வர வேண்டாம் என்று சொல்லுங்கள் என்றாய். மாடி ரூமுக்கு ஏசி மாட்டி நெட்டில் போட்டுவிட்டால் சனி ஞாயிறில் வெளியூர்க்காரர்கள் வந்து தங்கிவிட்டுப் போவார்கள், உங்களுக்கும் வேலை இருக்காது என்றாய். எதிர்வீட்டு சொல்தா, அதுதான் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கினாரே, அவர் வீட்டைக்கூட அவர் பிள்ளைகள் அப்படித்தான் செய்திருக்கிறார்கள். உன் பெங்களூர்க்காரர்கள் கார் கதவை அடித்துச் சாத்தும் சத்தத்தில்தான் எங்களுக்குச் சனிக்கிழமை விடிகிறது.

கடைசியாக, மலரை வரச் சொல்லாதீர்கள், வேண்டுமென்றால் அவளுக்கு ஓட்டலில் நான் ரூம் போட்டுத் தருகிறேன் என்றாய். அங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன். மலர் போன வாரம் என்னைக் கூப்பிட்டு, "மாமா, மே மாசம் புள்ளைங்கள இட்டுகினு ஒரு பத்து நாள் வரட்டுமா?" என்று கேட்டாள். அவளுக்கும் "பாக்கலாம்மா" என்றுதான் சொன்னேன். உண்மையைச் சொன்னால், முடியாது என்று சொல்லத்தான் எனக்கும் ஆசையாக இருந்தது. களைத்துவிட்டேன் தம்பி. மாடிப்படி பதினாறு ஏறுவதற்குள் இரண்டு தடவை நிற்கிறேன். ஆனால் மலருக்கு வராதே என்று சொல்வதற்கு முன்னால் அவள் அம்மா பூங்காவனம் வந்த அந்த லீவைப் பற்றி உனக்குச் சொல்லியாக வேண்டும். உனக்குத் தெரிந்த பாதி வேறு, எனக்குத் தெரிந்த பாதி வேறு.

உனக்குத் தெரிந்த பாதியை நீ எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாய். உன் கல்யாணத்தில் சொன்னாய். இப்போது உன் மகளிடமும் சொல்லியிருக்கிறாய், அவள் பார்த்தே இராத என் தங்கை பூங்காவனத்தைச் "செருப்பு அத்தை" என்று கூப்பிடுகிறாள். உனக்கு ஒன்பது வயது, மலருக்கு ஆறு. அப்போது நம் புதுச்சேரி பீச்சில் மணலே கிடையாது, கருங்கல் பாறைகள்தான். உன் அத்தை பாறையில் உட்கார்ந்து காலைத் தொங்கப் போட்டுக்கொண்டிருந்தபோது ஓர் அலை வந்து இடுப்பு வரை நனைத்து ஒரு செருப்பைக் கொண்டுபோய்விட்டது. அவள் மற்றதையும் கழற்றி, "ஒண்ண வெச்சிகினு நான் என்னா பண்றது, இந்தா, ஜோடியா போட்டுக்கோ" என்று கடலைப் பார்த்து எறிந்துவிட்டு, வெறுங்காலோடு முத்தியால்பேட்டையில் நம் வீடு வரை சிரித்துக்கொண்டே நடந்து வந்தாள். சிவப்புத் தொப்பிப் போலீஸ்காரரைப் பார்த்து மலர் பயந்து அழுதது, சுண்டல் பொட்டலத்துக்கு நீங்கள் இரண்டு பேரும் அடித்துக்கொண்டது, பதினொரு நாளும் சாயங்காலம் அத்தையோடு கடலுக்குப் போனது. உன் வாழ்க்கையிலேயே நல்ல லீவு அதுதான் என்று சொல்வாய். அதை நான் உன்னிடமிருந்து பிடுங்கப் போவதில்லை. அவள் சிரித்தது நிஜம்தான்.

என் பாதியைச் சொல்கிறேன். கடலோரத்தில் வீடு வைத்திருப்பவனுக்கு மே மாதம் என்பது என்னவென்று உனக்கு அந்த வயதில் தெரிந்திருக்காது. செஞ்சி, திண்டிவனம், மயிலம் என்று எந்தப் பக்கம் சொந்தம் இருந்தாலும் பள்ளிக்கூடம் மூடிய மறுநாள் பஸ் ஏறிவிடுவார்கள். கையில் ஒரு பலாப்பழம், ஒரு பை வறுத்த மல்லாட்டை, அதுதான் உங்கள் வேர்க்கடலை. அப்போது இருந்தது ஒரு கூடம், ஒரு சமையலறை. பத்துப் பேர் வரிசையாகப் படுத்தால் உன் அம்மா அடுப்புக்குப் பக்கத்தில் காலை மடக்கிக்கொண்டு படுப்பாள். நான் சேதராப்பட்டில் வேலை பார்த்த கம்பெனியில் ஷிப்ட் மாறிக்கொண்டே இருக்கும். முதல் ஷிப்ட் முடிந்து மத்தியானம் வந்து கண்ணை மூடினால் தலைமாட்டில் நீங்கள் கிரிக்கெட் ஆடுவீர்கள். அந்த வருஷம் உன் மாமா குடும்பம் ஐந்து பேர் பன்னிரண்டு நாள் இருந்துவிட்டு அப்போதுதான் கிளம்பியிருந்தார்கள். துவைத்துப் போட்ட பாய்கூட இன்னும் காயவில்லை. அன்றைக்குச் சாயங்காலம் பூங்காவனம் மலரைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் வந்து நின்றாள்.

"வா பூங்கா" என்றேன். சிரித்த மாதிரிதான் நினைப்பு. உன் அம்மா பிற்பாடு, "உங்க மூஞ்சி அப்ப பாக்கற மாதிரியா இருந்துது" என்றாள். புருஷன் வரவில்லை, மகன் வரவில்லை, இவள் மட்டும் சின்னப் பெண்ணோடு வந்திருக்கிறாள். நம் வீடுகளில் வந்தவர்களைப் பார்த்து எதற்காக வந்தாய் என்று கேட்க மாட்டோம். கேட்டால் அவமானப்படுத்தியதாக ஆகிவிடும். தண்ணீர் கொடுப்போம், சாப்பிடச் சொல்வோம், ஆடு மாடு சௌக்கியமா என்று கேட்போம். அவளாகவே, "பாப்பா கடல் பாக்கணும்னு ஒரே அழிச்சாட்டியம் அண்ணே, அதான்" என்றாள். மே மாதத்தில் புதுச்சேரிக்கு வருகிறவர்கள் வேறு எதற்கு வரப் போகிறார்கள்? நானும் அதோடு விட்டுவிட்டேன்.

இப்போது நினைத்தால் எல்லாம் வரிசையாகக் கண்முன் வருகிறது. அந்தப் புழுக்கத்திலும் புடவைத் தலைப்பை இரண்டு தோளையும் மூடி இழுத்துப் போர்த்தியிருந்தாள். மலரை இடது பக்கம் சாய விடவே மாட்டாள். தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்கப் போனால் ஒரு குடம்தான் தூக்குவாள், அதுவும் வலது இடுப்பில். ஊரில் நெல் மூட்டையையே ஒரு பக்கம் பிடித்துத் தூக்குகிறவள். உன் அம்மா என்னிடம் முணுமுணுத்தாள்: "உங்க தங்கச்சிக்கு இங்க வந்தா மட்டும் கை வலி வந்துடுது." நான், சரி விடு என்றேன். நானும் மனதுக்குள் அதையேதான் நினைத்தேன்.

ஒரு நாள் உன் அம்மா துணி துவைக்கப் போடுவதற்காக அவள் மஞ்சள் பையிலிருந்து புடவையை எடுத்தபோது கூடவே ரேஷன் கார்டு வந்து விழுந்தது. பாலிதீன் கவரில் பத்திரமாகச் சுற்றி வைத்திருந்தாள். அம்மா சிரித்துவிட்டாள். "ஏன் பூங்கா, கடல் பாக்க வர்றதுக்கு ரேஷன் கார்டா? அலைய அளந்து போடச் சொல்லப் போறியா?" நானும் சிரித்தேன். அவளும் சிரித்தாள். "வூட்ல வெச்சா எலி கடிச்சிடுது அண்ணி" என்று சொல்லி வாங்கி மறுபடியும் பைக்குள் வைத்துக்கொண்டாள். அந்தக் கவருக்குள் கார்டோடு மடித்த சீட்டு ஒன்றும் இருந்தது. எங்கள் இரண்டு பேரில் ஒருவருக்காவது கேட்கத் தோன்றியிருக்கலாம். ரேஷன் கார்டைக் கையில் எடுத்துக்கொண்டு லீவுக்கு யாராவது வருவார்களா?

பத்தாம் நாள் மத்தியானம் நான் கெட்டவனாக நடந்துகொண்டேன். மூன்று நாளாகச் சரியான தூக்கம் இல்லை. நீயும் மலரும் பந்தை அடித்து என் மேல் விட்டீர்கள். எழுந்து உன் முதுகில் ஒன்று வைத்தேன். உனக்கு ஞாபகம் இருக்கிறதோ இல்லையோ, எனக்கு இருக்கிறது. மலர் மூலையில் போய் நின்றுகொண்டாள். பூங்காவனம் சோறு போட்டுக்கொண்டிருந்தாள். நான் தட்டைப் பார்த்தபடியே, "அப்புறம், எப்ப ஊருக்கு?" என்று கேட்டேன்.

கரண்டி கொஞ்ச நேரம் சட்டிக்குள்ளேயே நின்றது. "நாளைக்கிப் போறேண்ணே" என்றாள். அப்புறம் எனக்கு இன்னும் ஒரு கரண்டி குழம்பு ஊற்றினாள். அன்றைக்குச் சாயங்காலமும் உங்களைக் கடலுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். மறுநாள் சாயங்காலமும் போனாள். பிள்ளைகள் கெஞ்சியதால் ஒரு நாள் தள்ளிப் போட்டேன் என்று சொன்னாள். அந்தக் கடைசி சாயங்காலத்தில்தான் செருப்பு போனது.

பன்னிரண்டாம் நாள் எனக்கு மத்தியான ஷிப்ட். கம்பெனி பஸ் கோரிமேட்டில்தான் வரும். ஒரே நடையாகப் போய்விடலாம் என்று பஸ் ஸ்டாண்டுக்குப் போகாமல் அவளையும் மலரையும் கோரிமேட்டுக்கே கூட்டிக்கொண்டு போய், திண்டிவனம் பஸ்ஸுக்காக நின்றோம். உன் அம்மாவின் பழைய செருப்பு அவள் காலில் இருந்தது. ரோட்டுக்கு அந்தப் பக்கம் பெரிய ஆஸ்பத்திரி. எங்கெங்கிருந்தோ பஸ் வந்து நிற்கும், ஜனங்கள் கையில் எக்ஸ்ரே கவரோடு இறங்கி கேட்டுக்குள் போய்க்கொண்டிருப்பார்கள். பூங்காவனம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, இங்க சீட்டு எப்ப போடுவாங்க?"

"காலைல ஆறு மணிக்கே வந்து வரிசைல நிக்கணும். பாவம், ஜனங்க படற பாடு. நல்ல வேள, நமக்கு அந்த மாதிரி ஒண்ணும் இல்ல."

"ஆமாண்ணே" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "உனக்கு இன்னும் எவ்ளோ நேரம் இருக்குது?" என்று கேட்டாள்.

நான் வாட்சைப் பார்த்தேன். ஒன்றரை மணி நேரம் இருந்தது. "பஸ் வந்துடும், நில்லு" என்றேன். வந்தது. கூட்டத்தில் முண்டி, ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு அவளுக்கு ஓரத்து சீட் பிடித்துக் கொடுத்தேன். அதில் எனக்கு ஒரு பெருமை வேறு. மலர் கையாட்டினாள். பூங்காவனம் தலையைத் திருப்பி அந்த கேட்டைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். பஸ் போய்விட்டது. மிச்சமிருந்த நேரத்தில் ஒரு டீ குடித்தேன்.

ஐப்பசியில் அவள் புருஷன் அவளை அதே ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வந்தார். மார்பில் கட்டி, அக்குள் வரை பரவிவிட்டது. ஆறு மாதம் முன்னால் வந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன். பொங்கலுக்கு முன்னாலேயே போய்விட்டாள். காரியம் முடிந்து அவள் டிரங்குப் பெட்டியைத் திறந்தபோது அந்தப் பாலிதீன் கவர் இருந்தது. கார்டோடு இருந்த சீட்டு, செஞ்சி டாக்டர் சித்திரை மாதம் எழுதிக் கொடுத்தது. பெரிய ஆஸ்பத்திரிக்கு உடனே போகவும் என்று எழுதியிருந்தது. அங்கே இலவசமாகப் பார்க்க ரேஷன் கார்டு காட்ட வேண்டும். அண்ணன் இருக்கிற ஊர், அண்ணன் கூட்டிக்கொண்டு போவான் என்று புருஷனிடம்கூடச் சொல்லாமல் வந்திருக்கிறாள். நீ அத்தைக்குக் காய்ச்சல் என்று நம்பிக்கொண்டிருந்தாய். நாங்கள் அப்படியே விட்டுவிட்டோம்.

எப்போது போகிறாய் என்று கேட்க எனக்கு வாய் வந்தது. எதற்கு வந்தாய் என்று கேட்க வரவில்லை. இவ்வளவுதான் நான் செய்தது. இதை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. உன் அம்மாவும் அந்த ரேஷன் கார்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனால் அடுத்த வருஷமே ஏலச் சீட்டுப் பிடித்து மாடி ரூமைக் கட்ட வைத்தாள். அதன் பிறகு யார் வந்தாலும் எத்தனை நாள் இருந்தாலும் முகம் சுளித்ததில்லை. கால் வீங்கினாலும் மூன்று வேளையும் சூடாகப் போடுவாள். நீ அதைப் பார்த்துத்தான் எங்களைத் திட்டுகிறாய். திட்டு, நியாயம்தான். எனக்கு இப்போது தோன்றுவதைச் சொல்லட்டுமா? இத்தனை வருஷம் எல்லாருக்கும் சோறு போட்டோமே, ஒருவரிடமாவது உட்கார்ந்து, என்னம்மா விஷயம், எதற்கு வந்தாய் என்று நாங்கள் கேட்டதில்லை. அப்போதும் பயந்தோம், பிறகும் பயந்தோம்.

நேற்று இந்த இடத்தில் எழுதுவதை நிறுத்திவிட்டேன். மனசு சரியில்லை. இன்று காலை மார்க்கெட்டுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, பெரிய மார்க்கெட் வாசலில் பூக்காரி பக்கத்தில் நின்றுகொண்டு மலருக்குப் போன் போட்டேன். வீட்டில் வைத்துப் பேச எனக்குத் தைரியம் இல்லை.

"மலரு, மே மாசம் வர்றன்னியே, எதுக்கும்மா வர்ற?"

 அவள் குரல் மாறிவிட்டது. "என்னா மாமா இப்பிடிக் கேக்கறீங்க. வேணாம்னா வரல. சும்மாதான், புள்ளைங்க கடல் பாக்கணும்னுச்சு."

அவளை நோகடித்துவிட்டேன் என்று தெரிந்தது. சரிம்மா வா என்று சொல்லி வைத்துவிடலாம் என்று விரல் பட்டன் வரைக்கும் போனது. என்னைச் சுற்றி மீன்காரியும் கூடைக்காரரும் ஆட்டோவும் ஒரே கூச்சல். நான் கேட்டேன்:

"பையில ரேஷன் கார்டு எடுத்து வெச்சிருக்கியா?"

 நான் போனை வைக்கவில்லை. பூக்காரி என்னைப் பார்த்துவிட்டு ஸ்டூலை நகர்த்திப் போட்டாள்.

"வெச்சிருக்கேன் மாமா" என்றாள். அப்புறம் அழுதாள். அவள் அம்மாவுக்கு இருந்த அதே பக்கம் கட்டி. தை மாதத்திலிருந்து இருக்கிறதாம். புருஷனிடம் சொல்லவில்லை, பிள்ளைகள் பரீட்சை முடியட்டும் என்று காத்திருக்கிறாளாம். வீட்டுக்கு வந்த பிறகு எப்படியாவது என்னிடம் சொல்லிவிடலாம் என்று நினைத்தாளாம். "எப்பிடி ஆரம்பிக்கிறதுன்னு தெரியல மாமா" என்றாள்.

மே மாதம்வரை எதற்கு, பரீட்சையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், பிள்ளைகளோடு ஞாயிற்றுக்கிழமையே புறப்பட்டு வா, திங்கட்கிழமை காலையில் போகிறோம், உன் புருஷனிடம் நான் பேசுகிறேன் என்று சொன்னேன். வருகிறேன் என்றாள். வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம், பூங்கா மகள் ஞாயிற்றுக்கிழமை வருகிறாள், ஆஸ்பத்திரிக்கு என்று மட்டும் சொன்னேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். கத்தியையும் காயையும் கீழே வைத்துவிட்டு மாடிக்குப் போய், ரூமைப் பெருக்க ஆரம்பித்துவிட்டாள். முட்டி வலியோடு நானும் பின்னாலேயே ஏறிப் போய் ஜன்னலைத் துடைத்தேன்.  இந்தக் கடிதத்தைப் படம் பிடித்து உனக்கு வாட்ஸப்பில் அனுப்பப் போகிறவள் அவள்தான். படிக்காமல் அனுப்ப மாட்டாள். படிக்கட்டும்.

உனக்குப் புத்தி சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை, இருந்தாலும் அப்பன் என்பதால் சொல்கிறேன். உன் வீட்டுக்கு யார் வந்தாலும் சோறு போடுவதற்கு முன்னால் எதற்கு வந்தாய் என்று கேள். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும். சும்மாதான் என்று சொன்னால் உடனே நம்பாதே, கொஞ்சம் நின்று இன்னொரு தடவை கேள். உன் மகளிடமும் கேள். ஓட்டலில் ரூம் போட்டுக் கொடுத்தால் இதையெல்லாம் கேட்க வேண்டியிருக்காது, அதனால்தான் எனக்கும் உன் யோசனை ஒரு நிமிஷம் இனித்தது.

மாடி ரூமுக்கு ஏசி போடுகிறேன் என்றாயே, போடு. வெயில் இப்போதே தாங்கவில்லை. மலர் எத்தனை நாள் இருக்க வேண்டி வருமோ தெரியாது. திங்கட்கிழமைக்கு லீவு போட்டுக்கொண்டு சனிக்கிழமையே நீயும் வந்துவிடு, உன் மகளையும் அழைத்து வா. மலர் பிள்ளைகளைச் சாயங்காலம் கடலுக்குக் கூட்டிப் போக ஆள் வேண்டும், இப்போதுதான் மணலும் வந்துவிட்டதே. திங்கட்கிழமை காலை ஆறு மணிக்குக் கோரிமேட்டில் சீட்டு போடுகிற வரிசையில் நிற்க வேண்டும். என் முட்டி அவ்வளவு நேரம் தாங்காது. வரிசையில் நீ நில். பஸ்ஸை விட்டு இறங்கி அந்த ரோட்டை மட்டும், அவள் கையைப் பிடித்துக்கொண்டு, நான் தாண்டிக்கொள்கிறேன்.

அப்பா